தரவு எந்தத் திசையில் போக வேண்டும்? சோதனைத் தளத்தையும் நேரடித் தளத்தையும் ஒத்திசைக்கும் வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் சொந்தமாக இணையத்தளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்: தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அஞ்சலில் அனுப்பும் பலகாரக் கடைக்காரர், திருவிழா உபயத்தையும் பால்குடப் பதிவையும் இணையம் வழியாகப் பெறும் கோயில் நிர்வாகம், அறிவிப்புகளையும் நிகழ்ச்சிப் படங்களையும் வெளியிடும் தமிழ்ப்பள்ளி. பால்மரக் காடெல்லாம் செம்பனையாக மாறி, லயங்களில் இருந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பிரிந்து போன பிறகு, ஊர்க்கோயிலுக்கு உபயம் கட்டுவதும் ஊர்க்கடையில் பலகாரம் வாங்குவதும் இந்தத் தளங்கள் வழியாகவே நடக்கின்றன. கடை இரவு ஏழு மணிக்குச் சாத்தப்படலாம். தளத்திற்கு வரும் ஆர்டர் அந்த நேரக்கணக்கைப் பார்ப்பதில்லை.

இத்தகைய தளத்தில் விலைப்பட்டியலையோ அஞ்சல் கட்டணத்தையோ மாற்ற வேண்டுமானால், முதலில் ஒரு சோதனைத் தளத்தில் செய்து பார்த்துவிட்டு நேரடித் தளத்திற்குக் கொண்டுபோவதுதான் முறை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நிரல் கோப்புகளைப் பொறுத்தவரை இதில் பெரிய சிக்கலும் இல்லை. சிக்கல் தரவுத்தளத்தில் தொடங்குகிறது. சோதனைத் தளத்தில் நாம் ஒரு வாரம் வேலை செய்துகொண்டிருக்கும் அதே வாரத்தில் நேரடித் தளமும் சும்மா இருப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு பக்கமாக வளர்ந்துவிடுகின்றன. இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுபோல் ஆக்குவதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றை எடைபோடுமுன், தரவுத்தளத்திற்குள் என்னென்ன கலந்து கிடக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அட்டவணைகளின் அமைப்பு, தளத்தின் அமைப்புகள், பக்கங்களும் பொருள் விவரங்களும் அடங்கிய உள்ளடக்கம், வாடிக்கையாளர் உருவாக்கும் ஆர்டரும் பதிவும் பணம் செலுத்திய விவரமும் என்று அதில் நான்கு வகைத் தரவுகள் உள்ளன. முதல் இரண்டையும் உருவாக்குபவர் தளத்தைப் பராமரிப்பவர்; மூன்றாவதைப் பராமரிப்பவரும் தளத்தின் உரிமையாளரும் தொடக்கூடும்; நான்காவது நேரடித் தளத்தில் மட்டுமே பிறக்க முடியும். இந்த நான்கும் தனித்தனி அறைகளில் இருந்தால் வேலை எளிது. இணையத்தளங்களை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அப்படி வைப்பதில்லை. பக்கம், பதிவு, படத்தின் விவரம், பொருள் ஆகிய அனைத்தும் ‘போஸ்ட்ஸ்’ என்ற ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த எண்களோடு உட்கார்ந்திருக்கின்றன. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸைப் பயன்படுத்தும் கடைகளில் நெடுங்காலம் ஆர்டர்களும் அதே அட்டவணையில்தான் இருந்தன. 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கடைகளில் ஆர்டர்கள் தனி அட்டவணைகளுக்குப் போகின்றன. ஆனால் அப்போதும் ஆர்டருக்கான எண் ‘போஸ்ட்ஸ்’ அட்டவணையிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த எண்ணைப் பிடித்து வைப்பதற்காக அங்கே ஒரு வெற்று வரி எழுதப்படுகிறது. ஆகவே, ஆர்டர் தனியாகப் பிரிந்துவிட்டது, இனி ‘போஸ்ட்ஸ்’ அட்டவணையைத் தாராளமாக மாற்றி எழுதலாம் என்று எண்ணுவது பிழையாகும்.

முதல் வழி, சோதனைத் தளத்தின் தரவுத்தளத்தை அப்படியே எடுத்து நேரடித் தளத்தின் மேல் எழுதிவிடுவது. இதைத் தாழ்வாகப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. எனினும் தமிழ்ப்பள்ளித் தளத்திற்கு இதைவிட எளிய, பிழைக்கு இடமில்லாத வழி வேறில்லை. அங்கே ஆர்டர் இல்லை, பயனர் பதிவு இல்லை, உள்ளடக்கத்தை எழுதுபவரும் ஓர் ஆசிரியர்தான். அவர் ஒரு வாரத்திற்கு நேரடித் தளத்தில் கை வைக்காமல் இருந்தால் போதும். கடைக்கு இதே வழியைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். திங்கட்கிழமை இரவு நேரடித் தளத்தின் நகல் எடுக்கப்படுகிறது. வியாழக்கிழமை வரை சோதனைத் தளத்தில் சபா, சரவாக் அஞ்சல் கட்டணம் திருத்தப்படுகிறது. வியாழன் இரவு அது நேரடித் தளத்தின் மேல் எழுதப்படுகிறது. இடைப்பட்ட மூன்று நாட்களில் வந்த ஆர்டர்கள் எவையும் இப்போது பட்டியலில் இல்லை. பணம் மட்டும் எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிப் பரிமாற்ற முறை வழியாகக் கடைக்காரரின் வங்கிக் கணக்கிற்கு வந்து சேர்ந்திருக்கும். வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் 2318 என்ற எண்ணோடு ரசீதும் இருக்கும். அந்த எண்ணைத் தேடினால், சோதனைக்காக நாமே போட்ட ஒரு போலி ஆர்டர் வந்து நிற்கும். ஏனெனில் இரு தளங்களும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கித் தனித்தனியாக எண்ணிக்கொண்டு போயிருக்கின்றன.

இவ்வழியில் நுட்பச் சிக்கல்கள் சிலவும் உண்டு. நகலை மேலே கொண்டுபோகும்போது சோதனைத் தளத்தின் முகவரியை நேரடித் தளத்தின் முகவரியாக மாற்ற வேண்டியிருக்கிறது. அதை ஓர் எழுத்துத் திருத்தியில் திறந்து ‘தேடி மாற்று’ என்று செய்யப் பலருக்கும் கை துறுதுறுக்கும். வேர்ட்பிரஸும் அதன் பிளகின்கள் எனும் துணைநிரல்களும் பல அமைப்புகளைப் பிஎச்பி என்ற நிரல்மொழியின் தொடர்வரிசை வடிவத்தில் சேமிக்கின்றன. அதில் ஒவ்வொரு சொற்கோவைக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். முகவரி சுருங்கி, நீளம் பழைய எண்ணாகவே நின்றுவிட்டால், பிஎச்பி அந்த அமைப்பை முழுவதுமாகப் படிக்க மறுத்துவிடும். தளத்தின் பக்கப்பட்டை, மெனு, கருப்பொருள் அமைப்பு என்று ஏதாவது ஒன்று வெறுமையாகிவிடும். தமிழில் இது இன்னும் நுணுக்கமானது. இங்கே நீளம் என்பது எழுத்துக் கணக்கன்று, பைட் கணக்கு. ‘முறுக்கு’ என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 24 பைட். கையால் திருத்தி எண்ணையும் சரிசெய்துவிடலாம் என்று முனைபவர் நான்கென்றோ எட்டென்றோ எழுதினால் தீர்ந்தது. வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை இந்த நீளங்களைத் தானே திருத்திக்கொள்கிறது. எதையும் மாற்றாமல் என்னென்ன மாறும் என்பதை மட்டும் முன்கூட்டிக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதைத் தவிர வேறு எதையும் இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரு சர்வர்களிலும் ஒரே தரவுத்தள மென்பொருள், ஒரே பதிப்பு இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்குவதற்குத் தனக்கென ஒரு புதிய வரிசைமுறையை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து எடுத்த நகலைப் பழைய மரியாடிபி ஏற்றுக்கொள்ளாமல் பாதியில் நின்றுவிடும். இது சத்தமாகத் தோல்வியடைவதால் பரவாயில்லை. சத்தமில்லாமல் கெடுப்பது, எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான எழுத்துத் தொகுப்பு. நகல் எடுக்கும்போதோ ஏற்றும்போதோ இணைப்பு பழைய லத்தீன்-1 தொகுப்பில் இருந்தால், தமிழ் எழுத்துகள் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாக மாறும். சில வேளைகளில் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். குவியலை மீட்டெடுக்க வழி உண்டு. கேள்விக்குறியானது போனது போனதுதான்.

இரண்டாவது வழி, வெப் ஹோஸ்டிங் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகையில் கிடைக்கும் ‘சோதனைத் தளம்’ பொத்தான்களும், டபிள்யூபி மைக்ரேட் போன்ற பிளகின்களும். முகவரி மாற்றம், தொடர்வரிசை நீளம் முதலியவற்றை இவை கவனித்துக்கொள்கின்றன. எந்தெந்த அட்டவணைகளை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கவும் பல கருவிகள் இடம் தருகின்றன. கீழ்நோக்கி, அதாவது நேரடித் தளத்திலிருந்து சோதனைத் தளத்திற்கு நகலெடுக்க இவற்றைவிட வசதியானது இல்லை. மேல்நோக்கி அனுப்பும் பொத்தான்தான் ஆபத்தானது. அட்டவணையைத் தேர்வு செய்யலாம் என்பது பாதுகாப்பாகத் தெரிந்தாலும், இவை அட்டவணையை முழுதாக மாற்றி எழுதுகின்றனவே தவிர, வரிக்கு வரி ஒப்பிட்டுச் சேர்ப்பதில்லை. மேலே சொன்னதுபோல உள்ளடக்கமும் ஆர்டர் எண்ணும் ஒரே அட்டவணையில் கலந்திருக்கும்வரை இந்தத் தேர்வு பாதித் தீர்வுதான். அப்படியானால் வரிக்கு வரி ஒப்பிட்டுச் சேர்க்கும் கருவியையே செய்துவிடலாமே என்று கேட்கலாம். டபிள்யூபி மைக்ரேட்டை உருவாக்கிய டெலிஷியஸ் பிரெய்ன்ஸ் நிறுவனமே மெர்ஜ்பாட் என்ற பெயரில் அதை முயன்று பார்த்து, பிறகு மூடிவிட்டது. இத்துறையில் ஊறியவர்களே கைவிட்ட வேலை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழியான பிரதியாக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல் ஒரு சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேட்டில் எழுதி, இன்னொரு சர்வரில் அதை உடனுக்குடன் நிகழ்த்திக் காட்டும். ‘எப்போதும் ஒத்திசைந்திருக்கும்’ என்று கேட்டவுடன் நிர்வாகக் கூட்டங்களில் இதற்கு ஆதரவு பெருகிவிடுகிறது. ஆனால் பிரதியில் நாம் எதையும் எழுதக்கூடாது. சோதனைக்காக ஓர் ஆர்டர் போட்டு அதற்கு 2318 என்ற எண் கிடைத்து, பிறகு நேரடித் தளத்திலும் 2318 வந்தால், எண் இரட்டிப்பு என்ற 1062 பிழையோடு பிரதியாக்கம் நின்றுவிடும். எழுதக்கூடாத தளத்தில் எதைச் சோதிப்பது? இருவழிப் பிரதியாக்கமோ இன்னும் மோசம். சோதனைத் தளத்தில் அழித்த பொருள் அடுத்த நொடியே கடையிலிருந்தும் மறையும். அறிக்கை எடுப்பதற்கும், சர்வர் விழுந்தால் மாற்றாக நிற்பதற்கும் பிரதி உதவும். சோதனைத் தளத்திற்கு அது உரிய கருவியன்று.

நான்காவது வழி, இரு தளங்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே கைவிட்டு, ஒவ்வொரு வகைத் தரவுக்கும் ஒரே ஒரு திசையை நிர்ணயிப்பது. அட்டவணைகளின் அமைப்பும் தளத்தின் அமைப்புகளும் சோதனைத் தளத்திலிருந்து மேலே போகும். ஆர்டரும் வாடிக்கையாளர் விவரமும் நேரடித் தளத்திலிருந்து கீழே வரும். எதுவும் எதிர்த்திசையில் போகாது. மேலே போவது தரவுத்தளத்தின் நகலாக இல்லாமல், என்ன மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் ஸ்கிரிப்டாகப் போகும். லாரவெல், ஜாங்கோ போன்ற நிரல் கட்டமைப்புகளில் இதற்கு மைக்ரேஷன் என்ற ஏற்பாடு உடன்பிறந்தது. எந்தெந்த மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதைத் தரவுத்தளத்திலேயே ஓர் அட்டவணை குறித்து வைத்துக்கொள்வதால், ஒரே மாற்றம் இருமுறை ஓடாது. வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலில், 8ஆம் பதிப்பு முதல், தளத்தின் அமைப்புகளை யாம்ல் என்ற எழுத்து வடிவக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, நிரலோடு சேர்த்தே அனுப்ப முடிகிறது. வேர்ட்பிரஸில் இத்தகைய வசதி இயல்பாக இல்லை. டபிள்யூபி-சிஎல்ஐ கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு கோப்பாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

இவ்வழியின் உண்மையான செலவு நுட்பத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. சோதனைத் தளத்தின் திரையில் நாற்பது பொருளின் விலையை ஒவ்வொன்றாகத் திருத்திய கடைக்காரரின் மகளிடம், அதே வேலையை நேரடித் தளத்தில் மறுபடியும் செய்யச் சொன்னால் அவர் ஒப்புவாரா? விலைப்பட்டியலைப் பொறுத்தவரை அதற்குத் தேவையும் இல்லை. வூகாமர்ஸின் சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) இறக்குமதி, ஏற்கெனவே உள்ள பொருள்களைத் தளம் தந்த எண்ணாலோ கடைக்காரரே பொருளுக்கு இடும் எஸ்கேயு குறியீட்டாலோ அடையாளம் கண்டு புதுப்பிக்கிறது. சோதனைத் தளத்திலிருந்து ஏற்றுமதி செய்யும்போது எஸ்கேயு, பெயர், விலை ஆகிய நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு எண் நெடுவரிசையை நீக்கிவிட வேண்டும். இரு தளங்களிலும் எண் வேறுபடுமானால், முறுக்கின் விலை ஓமப்பொடியில் போய் ஏறும். கையிருப்பு நெடுவரிசையையும் மறக்காமல் நீக்க வேண்டும். சோதனைத் தளத்தின் கையிருப்பு போன வாரத்தினுடையது; அதை மேலே அனுப்பினால், விற்றுத் தீர்ந்த அதிரசத்தை மறுபடியும் விற்கத் தொடங்கிவிடுவோம். எஸ்கேயு குறியீடே இல்லாமல் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் கடைகள் நம் வட்டாரத்தில் உண்டு. அவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஒத்திசைப்பு அன்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு கொடுப்பதுதான்.

கீழே வரும் தரவில் வேறொரு பொறுப்பு இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை சோதனைத் தளத்திற்கு வரும்போது, பலவீனமான கடவுச்சொல்லும் பாதி முடிந்த நிரலும் உள்ள இடத்திற்கு வருகின்றன. வணிகப் பரிவர்த்தனையில் பெறப்படும் விவரங்களுக்கு 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, அதன் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து 1,000,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. தரவுக் கசிவை ஆணையரிடம் அறிவிக்க வேண்டிய கடமையும் 2025 ஜூன் முதல் வந்துவிட்டது. நேரடித் தளத்தில்தான் கசிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆதலால் நகல் கீழே வந்து சேர்வதற்கு முன்பே, நேரடித் தளத்தின் சர்வரிலேயே, விவரங்கள் மறைக்கப்பட வேண்டும்.

மறைப்பது என்றால் எல்லாவற்றையும் ‘அஅஅ’ என்று மாற்றிவிடுவது அன்று; அப்படிச் செய்தால் சோதனையே பயனற்றுப் போகும். அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு (பேராக்கிற்கு 08), கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஏதோ 12 இலக்கங்களைக் குலுக்கிப் போட்டால், 27ஆம் மாதம் பிறந்தவர்கள் பலர் உருவாகிவிடுவார்கள். பதிவுப் படிவம் அவர்களை ஏற்காது. பிழை நிரலில் இருக்கிறதா தரவில் இருக்கிறதா என்று தேடியே ஒரு நாள் போய்விடும். தேதியும் குறியீடும் சரியான வடிவில் உள்ள கற்பனை எண்களையே இட வேண்டும். பால்குடப் பதிவுக்கு அடையாள அட்டை எண் எதற்கு என்ற கேள்வியைக் கோயில் நிர்வாகத்திடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் நல்லது. வாங்காத தரவை மறைக்க வேண்டியதில்லை. ஆர்டர் அட்டவணையை மறைத்துவிட்டு, அனுப்பிய மின்னஞ்சல்களை முழுதாகப் பதிந்து வைக்கும் பிளகினின் அட்டவணையை விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் குறை.

நகல் வந்தவுடன் சோதனைத் தளத்தின் வாயையும் கட்ட வேண்டும். நேரடித் தளத்தைப் பணம் பெறும் சேவையோடு இணைக்கும் பேமெண்ட் கேட்வே சாவிகளும் நகலோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றை நீக்கி, பில்ப்ளிஸ் போன்ற சேவைகள் தரும் சோதனைச் சாவிகளை இட வேண்டும். மின்னஞ்சல்கள் வெளியே போகாமல் பிடித்து வைக்க மெயில்பிட் போன்ற கருவி உண்டு. இவற்றைக் கையால் செய்யாமல், நகலெடுக்கும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுவது உத்தமம். வேர்ட்பிரஸ் 5.5 முதல், ஒரு தளம் சோதனைத் தளம் என்பதை அமைப்புக் கோப்பில் அறிவிக்க முடிகிறது. அது கோப்பில் இருப்பதால் தரவுத்தளம் மாறினாலும் அழிவதில்லை.

சோதனைத் தளத்தில் ஒரு நகல் இருக்கிறதே, தனியாகக் காப்புநகல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனமே வெளியிட்ட வரலாறு ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, அங்குள்ள பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். அன்றாடக் காப்புநகல் வேலை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் ஓடாமலே இருந்தது. அவர்களைக் காப்பாற்றியது, ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்னதாகச் சோதனைத் தளத்திற்காக எடுத்திருந்த நகல். அப்படியானால் சோதனை நகலே போதும் என்று தோன்றலாம். ஆனால் அந்த நகலெடுப்பு, சோதனைத் தளத்திலிருந்து வெளியே அழைப்புகள் போகாமலிருக்கச் சில பதிவுகளை நீக்கிவிட்டிருந்தது; அவற்றை வேறிடத்தில் தேட வேண்டியதாயிற்று. நாம் மேலே சொன்னவாறு நன்றாக மறைத்த நகல், காப்புநகலாக நிச்சயம் உதவாது. அதில் வாடிக்கையாளர் யாரென்றே தெரியாது.

இவற்றையெல்லாம் வைத்து என் முடிவைச் சொல்வதானால், பள்ளித் தளத்திற்கு முதல் வழியே போதும். அங்கே மைக்ரேஷன் பற்றிப் பேசுவது வீண் வேலை. பலகாரக் கடைக்கு நான்காவது வழியைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன். கீழ்நோக்கிய நகலுக்கு மட்டும் இரண்டாம் வழியின் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம், மேல்நோக்கிய பொத்தானை நிர்வாகக் கணக்கிலேயே முடக்கி வைக்க முடியுமானால் முடக்கிவிட வேண்டும். கோயில் தளம் இடைப்பட்டது. பால்குடப் பதிவு திறந்திருக்கும் வாரங்களில் அது கடையைப் போன்றது. பதிவு மூடிய மாதங்களில் பள்ளியைப் போன்றது. ஆகவே பெரிய மாற்றங்களைத் திருவிழா முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு வைத்துக்கொண்டு, படிவங்களை மூடி, பதிவுகளைத் தனியே ஏற்றுமதி செய்துவிட்டு முழு நகலாக எழுதுவது அவர்களுக்குச் செலவும் குறைவு, புரிந்துகொள்ளவும் எளிது. இதற்கு ஒரே நிபந்தனை, உண்டியல் பக்கம் உள்பட பணம் வாங்கும் எந்தப் படிவமும் அந்த நேரத்தில் திறந்திருக்கக் கூடாது.

படங்கள் தரவுத்தளத்தில் இல்லை. கோப்புறையில் இருக்கின்றன, தரவுத்தளம் அவற்றின் பெயரை மட்டும் வைத்திருக்கிறது. திருவிழாப் படங்கள் சேரச் சேர அந்தக் கோப்புறை தரவுத்தளத்தைவிடப் பன்மடங்கு பெருத்துவிடும்; தோட்டப்புறத்து இணைய வேகத்தில் அதை ஒவ்வொரு முறையும் இறக்குவது இரவு முழுவதும் இழுக்கும். ஆர்சிங்க் கருவி மாறிய கோப்புகளை மட்டும் கொண்டுவரும். அதுவும் வேண்டாமென்றால், சோதனைத் தளத்தில் இல்லாத படத்தை நேரடித் தளத்திலிருந்து எடுத்துக் காட்டுமாறு சர்வர் அமைப்பில் ஒரு விதி எழுதிவிடலாம். ட்ரூபலில் இதற்கென்றே ‘ஸ்டேஜ் ஃபைல் ப்ராக்ஸி’ என்ற தொகுதி இருக்கிறது. அப்போது படங்களை நகலெடுக்கும் வேலையே இல்லாமல் போகிறது.